வீவக வீட்டு வாசல் நிலைப்படிப் பட்டை தேய்ந்து தூக்கிக்கொண்டது: எப்படி மாற்றுவது?

ஈசூன்வாசி
80களின் இறுதியில் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு. வாசல் கதவுக்குக் கீழே சிமெண்டுத் திட்டு. அதன் தலையில் வரிவரியாகக் கோடு போட்ட அலுமினியப் பட்டை, திருகாணி போட்டது. இப்போதைய நிலை:

பூட்டுப் பக்கம் வில் போல ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தாழ்வாரப் பக்க விளிம்பில் வெள்ளைப் பொடியும் சிறு குழிகளும். நடுவில் விளிம்பு 3 மி.மீ. தூக்கி நிற்கிறது, காலைக் கீறும். கீல் பக்க நிலைக்காலின் அடிப்பகுதி 60 மி.மீ. உயரம்வரை மெத்தென்று இருக்கிறது.

அளவுகள்: நிலைக்கால்களுக்கு நடுவே 905 மி.மீ., திட்டின் அகலம் 115. உயரம் வீட்டுப் பக்கம் 18, தாழ்வாரப் பக்கம் 42. பட்டையின் கனம் 2. கதவு மூடியிருக்கும்போது அடி இடைவெளி கீல் பக்கம் 9, பூட்டுப் பக்கம் 5.

அதே மாதிரி அலுமினியப் பட்டை வாங்கிப் போட்டால் போதுமா, கல் போடலாமா?

தெம்பனிஸ்தம்பி
பழசைக் கழட்டாம மேலயே புதுசு ஒட்டிடலாமே அண்ணே? ரெட்டைப் பக்க டேப் போதும். அரை மணி நேர வேலை.

உளி
தம்பி, தூக்கி நிற்கிற பட்டைமேல் இன்னொன்றை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து தூக்கும். அடியில் ஈரம் இருக்கிறது என்று அந்த வெள்ளைப் பொடியே சொல்கிறது, அதன்மேல் மூடி போடுவது நல்லதல்ல. இடைவெளியும் பூட்டுப் பக்கம் 5தான். இன்னொரு 2 மி.மீ. பட்டையும் டேப்பும் ஏறினால் கதவு உரசும்.

ஈசூன்வாசி, பட்டை எங்கே எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். உங்களுடையதில் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

வில் போன்ற பள்ளம் காலடியால் வராது. கதவின் மூலை தொங்கி, திறக்கும்போதெல்லாம் பட்டையைச் சுரண்டுகிறது. கோளாறு மேல் கீலில். அதைச் சரி செய்யாமல் எதைப் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி பள்ளம் விழும்.

வெள்ளைப் பொடி அலுமினியத்தின் அரிப்பு. ஈர சிமெண்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். தாழ்வாரம் கழுவும் தண்ணீரும் சாரலும் விளிம்பின் அடியில் புகுந்து அங்கேயே தங்குகின்றன. தரை துடைக்கும் பிளீச்சும் தன் பங்குக்கு உதவும்.

நடுவில் தூக்குவது அடியில் தாங்கல் இல்லாததால். திட்டின் தலை சமமாக இருக்காது. பட்டை இரண்டு மேட்டில் பாலம் போல உட்கார்ந்திருக்கும், சந்தைத் தள்ளுவண்டி ஏறி இறங்க ஏறி இறங்கத் திருகாணி தளரும். நிலைப்படியை மிதிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லலாம், வண்டிச் சக்கரத்திடம் சொல்ல முடியுமா.

முதலில் இரண்டு சோதனை செய்து எழுதுங்கள். திட்டின்மேல் நீளவாக்கில் ரசமட்டம் வையுங்கள். பிறகு கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், கீல் ஆடுகிறதா என்று.

மரப்பட்டறை
நிலைக்கால் மெத்தென்று இருக்கிறது என்றாலே எல்லாரும் ஈரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கறையானா என்றும் பாருங்கள். திருகுளியால் குத்தும்போது நார்நாராக, கறுத்து, ஈரமாக வந்தால் இற்றுப்போன மரம். மேலே வண்ணப்பூச்சு மட்டும் தோலாக நின்று உள்ளே வெற்றிடமாக இருந்தால் கறையான். மேல் மாடிகளில் உலர்மரக் கறையானும் வரும். அதற்கு மண் வழித்தடம் இருக்காது. கடுகைவிடச் சிறிய, ஆறு பட்டை உள்ள எச்ச மணிகள் கீழே குவிந்திருக்கும். மணி இருந்தால் மர வேலையை நிறுத்திவிட்டு முதலில் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. கதவின் கீல் விளிம்பில் தீத்தடுப்பு முத்திரை ஒட்டியிருக்கிறதா? இருந்தால் கதவையோ நிலையையோ நீங்களாகச் சீவவோ வெட்டவோ கூடாது. அப்படிச் செய்தால் அது தீத்தடுப்புக் கதவாக இருக்காது. அந்த வகைக் கதவு போடுபவரைத்தான் அழைக்க வேண்டும்.

ஈசூன்வாசி
முத்திரை இல்லை, சாதாரணக் கதவு. எச்ச மணிகளும் இல்லை. குத்தினால் கறுப்பாக நாராக வருகிறது. ரசமட்டத்தில் திட்டு நேராக இருக்கிறது. கைப்பிடியைத் தூக்கினால் கதவு ஆடுகிறது, மேல் கீலில் இரண்டு திருகாணிகள் சும்மா சுற்றுகின்றன.

உளி
அப்படியானால் பட்டைக்கு இன்னும் அளவு கொடுக்காதீர்கள். முதல் வேலை கீல்.

கதவின் பூட்டுப் பக்க அடியில் ஆப்பு வைத்து 4 மி.மீ. தூக்குங்கள். சுற்றும் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் கடினமரக் குச்சியைப் பசை தொட்டு அடித்து, மறுநாள் விளிம்போடு வெட்டுங்கள். கதவு நிறுத்தத்துக்கு அருகே உள்ள ஓட்டையில் மட்டும் நீளமான திருகாணி. அது நிலை மரத்துக்குள் ஆழமாகப் பிடிக்கும். முன்துளை 3 மி.மீ. போடாமல் அழுத்தினால் பழைய நிலை மரம் பிளக்கும். பிறகு இடைவெளியை மறுபடி அளந்து எழுதுங்கள்.

கிரில்கதவு
அளவில் ஒன்று விட்டுப்போச்சு. வெளிக் கம்பிக் கதவு. அதன் அடிக்கும் திட்டுக்கும் எவ்வளவு? தாழ்ப்பாள் இறங்கும் ஓட்டை திட்டில் இருக்கிறதா? புதுத் தகடு அந்த ஓட்டையை மூடிவிட்டால் கம்பிக் கதவைப் பூட்டவே முடியாது. வேலை முடிந்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வரும்.

உள்கதவு வீட்டுக்குள் திறக்கும், கம்பிக் கதவு தாழ்வாரத்துக்குத் திறக்கும், பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். அதனால் திட்டின் இரண்டு ஓரத்துக்கும் உயர வரம்பு வேறு வேறு. கதவு மூடியிருக்கும்போது மட்டும் அளந்தால் போதாது. சுழலும் வழி முழுக்க, கால், அரை, முக்கால் திறப்பில் அளக்க வேண்டும். உள்ளே வினைல் தரை ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் நெருக்கம்.

பாலஸ்தியர்பரம்
கல் பற்றிக் கேட்டாரே, யாரும் சொல்லவில்லை. கிரானைட் 20 மி.மீ., பசைப்படுகை 4, ஆக 24. அவருக்கு இருக்கிற இடம் அதில் பாதிகூட இல்லை. அதனால் திட்டின் தலையைக் கொத்த வேண்டும். கொத்தினால் அது வேறு வேலை: வீவக அனுமதி, பதிவு பெற்ற குத்தகையாளர். கொத்துவது, ஓடு வெட்டுவது போன்ற சத்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நேரம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கிடையாது. தீபாவளி போன்ற பெருநாள்களுக்கு முதல் நாளும் கிடையாது. தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம் என்று கடைசி வாரத்தில் கல் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்தான் வேண்டும் என்பவர்களுக்கு: பளிங்கு வேண்டாம். வாசலில் எலுமிச்சை நறுக்கி வைக்கிற வீட்டில் பளிங்கு நாலு வெள்ளிக்கிழமை தாங்காது, புளிப்பு பட்ட இடம் மங்கிப்போகும். கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடி மாதிரி மெருகு வேண்டாம், மழை நாளில் வழுக்கும். மங்கல் மெருகு கேளுங்கள். படுகையில் பசையை ஐந்து உருண்டையாக வைத்து அழுத்துகிற வழக்கம் இருக்கிறதே, அதை அனுமதிக்காதீர்கள். நடுவில் வெற்றிடம் விழுந்து, ஒரு கனமான பெட்டி இறங்கினால் கல் விரியும். பல் கரண்டியால் படுகை முழுக்க, கல்லின் முதுகிலும் மெல்லியதாக. ஜாலான் புசார், பாலஸ்தியர் சாலைக் கடைகளில் மாதிரித் துண்டு கேட்டால் தருவார்கள். ஈரக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உளி
சரியாகச் சொன்னார். இந்த வாசலுக்கு உலோகம்தான். ஆனால் அலுமினியம் வேண்டாம். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, 1.5 மி.மீ., மயிரிழை மெருகு. தட்டையாக வாங்காமல் தகடு மடிக்கிற பட்டறையில் தாழ்வாரப் பக்கம் 20 மி.மீ. கீழே மடித்து வாங்குங்கள். அந்த மடிப்பு திட்டின் முகத்தை மூடும். தண்ணீர் சொட்டும் இடம் திட்டுக்கு வெளியே போய்விடும். 42 மி.மீ. உயரத்தில் 20 போனாலும் தாழ்வாரத் தரைக்கு மேல் 22 மிச்சம், கழுவும் தண்ணீரில் மூழ்காது.

படம் வரைந்து கொடுக்கும்போது ‘மடிப்பின் உள்ளளவு’ என்று எழுதுங்கள். வெளியளவு என்று எடுத்துக்கொண்டால் 1.5 மி.மீ. குறைந்து திட்டில் உட்காராது. ஓரங்களைப் பிசிறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய பட்டை கீறியது போலவே இதுவும் கீறும்.

மரப்பட்டறை
தகட்டு நீளத்தை 905 என்று கொடுத்துவிடாதீர்கள்! கீல் பக்க நிலைக்காலை எப்படியும் வெட்டப்போகிறீர்கள். அதை முதலில் வெட்டிவிட்டால் தகட்டை அதன் அடியில் 40 மி.மீ. செருகலாம். அந்த முனையில் இணைப்பே தெரியாது, தண்ணீர் புகும் வாசலும் ஒன்று குறையும். பூட்டுப் பக்கம் நிலையின் வெட்டுக்கு ஏற்ப அட்டையில் அச்சு எடுங்கள், தானியப் பெட்டி அட்டை போதும். அந்த முனையில் 2 மி.மீ. விட்டால் 943. திட்டு நிலைக்காலுக்கு அடியிலும் அதே மட்டத்தில் ஓடுகிறதா என்று வெட்டிய பிறகு பார்த்துவிட்டே தகடு சொல்லுங்கள்.

நிலைக்கால் வெட்டும் முறை: மெத்தென்ற இடம் முடிந்து நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு மேல் இன்னும் 20 மி.மீ. ஏறி வெட்டுங்கள். நேர் வெட்டு வேண்டாம், வெளிப்பக்கம் தாழும்படி 45 பாகைச் சாய்வு. அப்போதுதான் இணைப்பில் நுழைந்த நீர் வீட்டுக்குள் போகாமல் வெளியே வடியும். ஒட்டுத் துண்டுக்குச் செங்கால் (chengal) என்ற கடினமரம். துண்டின் அடி வெட்டில்தான் மரம் தண்ணீர் குடிக்கும், அங்கே எப்பாக்சி இரண்டு பூச்சு. தகட்டின்மேல் உட்கார வைக்காதீர்கள், 5 மி.மீ. தூக்கி நிறுத்தி அந்த இடைவெளியை சிலிக்கோனால் அடையுங்கள். பழைய நிலை இற்றுப்போனதே தரையில் நேராக நின்றதால்தான்.

பசைப்பானை
ஒட்டுவதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பசையைப் படுகை முழுக்கப் பூசித் தகட்டை அழுத்திவிடுவார்கள். கல்லுக்கு அது சரி, கல்லும் ஓடும் பதிக்கிற பசை வேறு பொருள். குழாயில் வரும் பாலிமர் பசையும் பாலியூரித்தேனும் காற்றின் ஈரத்தால் இறுகுபவை. எஃகுத் தகடு காற்று விடாது. ஓரத்திலிருந்து நாளுக்கு 2, 3 மி.மீ. என்று இறுகினால் 115 மி.மீ. அகலத்தின் நடுப்பகுதி வாரக்கணக்கில் களியாகவே கிடக்கும். மேலே நடந்தால் தகடு நகரும். நம் ஊர்ப் புழுக்கம் இறுகலுக்கு நல்லதுதான், ஆனால் காற்று உள்ளே போனால்தானே.

அதனால் கோடு கோடாக. உள்ளிருந்து வெளியே போகும் திசையில், 30 மி.மீ.க்கு ஒரு கோடு, 6 மி.மீ. தடிமன். கோடுகளுக்கு நடுவே காற்றுப் போகும். கணக்கு: சுமார் 31 கோடு, ஒவ்வொன்றும் 115 மி.மீ., மொத்தம் மூன்றரை மீட்டர். 6 மி.மீ. கோடு ஒரு மீட்டருக்கு 28 மி.லி. தின்னும். ஆக 100 மி.லி., ஒரு குழாயில் மூன்றில் ஒரு பங்கு. 2 மி.மீ. ஆகும்வரை அழுத்தினால் ஒவ்வொரு கோடும் 14 மி.மீ. அகலமாகப் பரவும், அதுவே போதிய தாங்கல். 2 மி.மீ.க்குக் கீழே நசுங்காமல் இருக்க ஓடு பதிக்கும்போது இடைவெளிக்கு வைக்கிற 2 மி.மீ. பிளாஸ்டிக் துண்டுகளை நடுநடுவே வையுங்கள்.

நிலையைச் சுற்றி அடைக்க நடுநிலை சிலிக்கோன்தான். வினிகர் வாசம் வருகிற மலிவு சிலிக்கோன் சிமெண்டிலும் பளிங்கிலும் ஒழுங்காகப் பிடிக்காது, அந்த அமிலம் அவற்றை அரிக்கும்.

தெம்பனிஸ்தம்பி
திருகாணி வேண்டாமா? பசையை மட்டும் நம்பிப் போறதா?

பசைப்பானை
அடித்தளம் உறுதியாக இருந்தால் வேண்டாம். திருகாணி ஓட்டைதான் தண்ணீர் புகும் முதல் வழி. திட்டைத் தட்டிப் பார்த்து ‘டொக்கு’ச் சத்தம் வந்து, உதிருகிறது என்றால் பசையும் நிற்காது, திருகாணியும் நிற்காது. முதலில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துப் பழுதுபார்க்கும் சாந்து வைக்க வேண்டும்.

கிரில்கதவு
பழைய பட்டையைக் கழற்ற: சிலிக்கோனைக் கத்தியால் இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். தலை மழுங்கிய திருகாணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 5 மி.மீ. துளைப்பியால் தலையை மட்டும் துளைத்தால் பட்டை கழன்று வரும், மிச்சத்தை இடுக்கியால் திருகலாம். நெம்பும்போது அகலமான சுரண்டியும் அடியில் மரக்கட்டையும். உள்பக்க ஓட்டின்மேல் நெம்பினால் ஓட்டின் மூக்கு உடையும். அதற்கு அதே நிற ஓடு இன்று எங்கும் கிடைக்காது.

உளி
கழற்றியதும் அன்றே மூடாதீர்கள். பழைய ஆணி ஓட்டைகளையும் பள்ளங்களையும் எப்பாக்சிப் பசைமாவால் நிரப்பி, அதே மாவில் வீட்டுப் பக்கம் 2 மி.மீ. உயரமாக, தாழ்வார விளிம்பில் பூச்சியமாக வரும்படி சரிவு கொடுங்கள். சிமெண்டுச் சாந்து அந்த மெல்லிய விளிம்பில் நிற்காது, உதிரும். ஆனால் மாவு வைக்கும் முன்னே திட்டு காய்ந்திருக்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் முத்து முத்தாக வேர்த்தால் இன்னும் காயவில்லை.

எதை அடைப்பது, எதை விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்விளிம்பும் இரண்டு முனைகளும் முழுக்க அடைப்பு. தாழ்வாரப் பக்க மடிப்பின் அடியை அடைக்கவே கூடாது. உள்ளே புகுந்த சொட்டு சரிவில் இறங்கி அங்கேதான் வெளியேறும். அழகுக்காக அதையும் சிலிக்கோனால் மூடினால் பழைய கதைதான், திட்டு ஊறும். உள்விளிம்பை ஒட்டிய அன்றே அடைக்க வேண்டாம், பசைக்குக் காற்று வேண்டும். இரண்டு நாள் கழித்து.

ஜூரோங்பாட்டி
வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். எஃகில் நிற்குமா? கறை போகுமா?

பாலஸ்தியர்பரம்
எஃகில் தாராளமாக வைக்கலாம் அம்மா. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். மஞ்சளை இழுத்துக்கொள்வது சிலிக்கோனும் சிமெண்டும்தான். சிமெண்டில் பட்டால் மஞ்சள் செந்நிறமாக மாறும். அதில் சுண்ணாம்பின் காரம் இருக்கிறதல்லவா, மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற அதே வேலை. அதனால் ஓரத்தில் ஒரு விரல் விட்டுப் பூசுங்கள். வெள்ளை சிலிக்கோனுக்குப் பதில் சாம்பல் நிறம் போடச் சொல்லுங்கள்.

ஜூரோங்பாட்டி
நன்றி தம்பி. சக்கர நாற்காலி ஏற அந்தத் திட்டுக்குச் சரிவு வைக்கலாமா?

கிரில்கதவு
1க்கு 12 என்ற சரிவில் 42 மி.மீ. உயரத்துக்கு 504 மி.மீ. நீளம் வேண்டும். அது முழுக்கப் பொதுத் தாழ்வாரத்தில் விழும். நீங்களாகச் சிமெண்டு பூசக் கூடாது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். முதியோர் வீடுகளில் வசதிகள் பொருத்தித் தரும் வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் சரிவுப்பாதையும் உண்டு. வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரராக இருந்து, வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 என்றால் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுபவராக இருக்க வேண்டும். அவர்கள் வந்து அளந்து போட்டுத் தருவார்கள். அதற்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் தகட்டை முதலில் போடாதீர்கள் அம்மா, சரிவு உட்காருகிற இடத்தை மடிப்பு மறிக்கும்.

தெம்பனிஸ்தம்பி
இதே மாதிரி கழிவறை வாசல் கல்லையும் மாத்தலாமா?

உளி
அதை இந்த முறையில் தொடாதீர்கள். அந்தக் கல்லுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் ஏறி வருகிறது. கொத்தினால் அது கிழிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும். கட்டி முடித்து 3 ஆண்டு ஆகாத வீடுகளில் குளியலறைத் தரை ஓட்டைக் கொத்த அனுமதியே கிடையாது.

ஈசூன்வாசி
கீல் முடிந்தது. இப்போது இடைவெளி இரண்டு பக்கமும் 8, சுழலும் வழியில் எங்கும் 7க்குக் குறையவில்லை. பழைய பட்டையும் அதன் அடிப் பசையும் சேர்த்து 3 மி.மீ. கழன்றது. கீல் பக்க நிலைக்காலை வெட்டிப் பார்த்ததில் திட்டு அதே மட்டத்தில் அடியில் ஓடுகிறது. தாழ்ப்பாள் ஓட்டை திட்டின் வெளி விளிம்பிலிருந்து 30 மி.மீ. உள்ளே. கம்பிக் கதவின் அடி அங்கே 12 மி.மீ. உயரத்தில்.

உளி
அப்படியானால் திட்டிலிருந்து கதவுக்கு 11. சரிவு மாவு 2, பசை 2, தகடு 1.5, ஆக 5.5 போனால் மிச்சம் 5.5. சுழலும் வழியில் 4.5. கதவு உரசாது, அடியில் தூரிகைப் பட்டை போடவும் இடம் இருக்கிறது. ரப்பர் பட்டை போடாதீர்கள், தகட்டில் தேய்த்துக்கொண்டே இருக்கும். கம்பிக் கதவுக்கும் 12 போதும்.

படத்தில் எழுத வேண்டியது: 943 நீளம், மேல்தளம் 115 உள்ளளவு, மடிப்பு 20, கனம் 1.5.

கிரில்கதவு
தாழ்ப்பாள் ஓட்டையைப் பட்டறையில் போடச் சொல்லாதீர்கள். தகட்டைப் பசையில்லாமல் வைத்து, கம்பிக் கதவை மூடி, தாழ்ப்பாளின் நுனியில் மை தடவி இறக்கிக் குறி எடுங்கள். தாழ்ப்பாள் விட்டத்தைவிட 3 மி.மீ. பெரிதாகத் துளை. எஃகில் துளைக்கும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்தித் துளையுங்கள். வேகமாகச் சுற்றினால் எஃகு கெட்டித்து, துளைப்பியின் நுனிதான் கருகும். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டுப் பிறகு பசைக்குப் போங்கள்.